மீன்முள் கூறும் உறவு

செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளையும் பின்னே விட்டு வடமேற்காகச் செல்வோமாயின் மேல்மலையனூரை அடையலாம். அங்காளம்மன் கோயிலால் பெரும்புகழ் பெற்றது இவ்வூர். அமாவாசை இரவில் நிகழும் ஊஞ்சல் விழாவைக் காணப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்து கூடுவர். அக்கோயிலின் பரம்பரைப் பூசகர்கள் பருவதராச குலத்தார். கடலுக்குச் செல்லாமல் ஏரி, குளம், ஆறு ஆகிய நன்னீர் நிலைகளில் மீன் பிடித்தலையே தொன்றுதொட்டுத் தொழிலாகக் கொண்ட மரபினர் இவர்கள். ஆதலின், நன்னீர் மீன்களைப் பற்றிய பாடம் ஒன்றை இவ்வூரிலிருந்து தொடங்குவது பொருத்தமே.

இப்பகுதியில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இல்லை. வராக நதி எனவும் வழங்கும் சங்கராபரணி மழைக்காலத்தில் பெருகும். கோடையில் மணலாய்க் கிடக்கும். ஏரிகளே உழவர்க்கும் மீனவர்க்கும் உயிர். பங்குனி, சித்திரையில் ஏரி நீர் சுருங்கிக் குட்டையாகும்போது வலை வீசுவர். அவ்வலையில் கெண்டையும் கெளுத்தியும் வரும். தேளியும் வாளையும் வரும். இலக்கியங்கள் வரால் என்று போற்றும் விராலும், பனையேறிக் கெண்டையும், ஆராலும் வரும். எப்போதேனும் ஒரு விலாங்கும் நெளியும்.

இம்மீன்களை உறவு பார்த்து மூன்று கூடைகளில் பிரித்திடுமாறு ஒரு மாணவனிடம் கூறினால் அவன் என்ன செய்வான்? செதில் உடைய கெண்டை, விரால், பனையேறிக் கெண்டை ஆகியவற்றை ஒரு கூடையில் இடுவான். செதில் இன்றி மீசையுடன் விளங்கும் கெளுத்தி, தேளி, வாளை ஆகியவற்றை மற்றொன்றில் இடுவான். பாம்புபோல் நீண்ட விலாங்கையும் ஆராலையும் மூன்றாவதில் சேர்ப்பான். கண்ணுக்குப் பொருத்தமான பிரிவினைதான். ஆயினும், விலங்கியலார் இதனை ஒப்பார். மூன்று கூடைகளில் இரண்டு பிழையானவை. எஞ்சிய ஒன்றும் குறையுடையது என்பர்.

மாணவனை நாம் பழித்தல் ஆகாது. மீன்களுக்குப் பெயரிட்ட நம் முன்னோரும் உருவத்தையும் சுவையையும் வாழுமிடத்தையும் கருதியே பெயரிட்டனர். வலை வீசுவோர்க்கும் சமைப்போர்க்கும் அப்பெயர்களால் யாதொரு இடரும் இல்லை. ஆனால், இன்ன மீனும் இன்ன மீனும் ஒரே முன்னோரிடமிருந்து வந்தனவா என்று வினவும்போது, தோலும் செதிலும் மீசையும் போதிய சான்று ஆகா. அவற்றின் உள்ளே மறைந்திருக்கும் எலும்புகளை நாம் கேட்டாக வேண்டும்.

முதலில் கெண்டையின் தலையைப் பார்ப்போம். அதன் வாயில் விரலை விட்டால் ஒரு பல்லும் தட்டுப்படாது. அதனால் கெண்டைக்குப் பல்லே இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. அதன் தொண்டையில், செவுள்களைத் தாங்கும் வளைவுகளுள் ஐந்தாவது வளைவின்மேல் பற்கள் வரிசையாய் நிற்கின்றன. மண்டையோட்டின் அடியில் உள்ள கடினமான மெத்தை ஒன்றின்மேல் அவை அரைந்து உணவை நொறுக்கும். ரோகு என்னும் பெருங்கெண்டையில் இப்பற்கள் ஒவ்வொரு புறமும் ஐந்து, மூன்று, இரண்டு என மூன்று வரிசைகளாக உள்ளன. கெளுத்திக்கோ தாடையிலேயே பல் உண்டு. தொண்டையில் இத்தகைய அமைப்பு இல்லை. கெண்டையின் சதையெங்கும் நுண்ணிய முட்கள் கிடந்து உண்பவரைத் துன்புறுத்தும். கெளுத்தியில் அவை இல்லை. கெண்டையின் செவுள் மூடியில் உள்ள நான்கு எலும்புகளுள் ஒன்று கெளுத்திக்குக் கிடையாது. கெண்டையின் மேல்தாடையில் நீண்டு கிடக்கும் எலும்பு, கெளுத்தியில் மிகச் சிறுத்து, மீசையின் அடியைத் தாங்கும் துண்டாக மாறிவிட்டது. இவ்வாறு எண்ணிக்கொண்டே சென்றால், இவ்விரண்டும் ஒன்றற்கொன்று முற்றிலும் அயல் என்றே எவரும் தீர்ப்புக் கூறுவர்.

இத்தீர்ப்பை மாற்றிய சான்று 1820-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. செருமனி நாட்டு லைப்சிக் நகரில் வாழ்ந்த எர்னஸ்ட் ஹைன்ரிக் வேபர் என்னும் உடற்கூற்று அறிஞர், மீன்களின் செவியை ஆராய்ந்துகொண்டிருந்தார். மீனுக்குப் புறச்செவி இல்லை. மண்டையோட்டினுள் உட்செவி மட்டுமே உண்டு. கெண்டை இனத்து மீன்களில், மண்டையோட்டிற்குச் சற்றுப் பின்னே, முதுகெலும்பின் முதல் கணுக்களை ஒட்டி, இருபுறமும் சிறு எலும்புகள் சங்கிலிபோல் கோத்து நிற்பதை அவர் கண்டார். அச்சங்கிலியின் ஒரு முனை வயிற்றினுள் உள்ள காற்றுப்பையைத் தொட்டது. மறுமுனை உட்செவியை அடைந்தது. நீரில் எழும் ஒலி காற்றுப்பையை அதிரச் செய்கிறது. அவ்வதிர்வைச் சிறு எலும்புகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிச் செவிக்குக் கொண்டு சேர்க்கின்றன. காற்றுப்பை முரசாகவும், எலும்புச் சங்கிலி தூதாகவும் அமைந்த வியத்தகு பொறி இது!

இதே பொறி கெளுத்தியிலும் உண்டு, தேளியிலும் உண்டு, வாளையிலும் உண்டு, ஓடைமணலில் வாழும் அயிரையிலும் உண்டு. விராலைப் பிளந்து தேடினாலும் பனையேறியைப் பிளந்து தேடினாலும் கிடைக்காது. உலகின் நன்னீர் மீன் இனங்களுள் பாதிக்கு மேற்பட்டவை இவ்வெலும்புச் சங்கிலியை உடையவை. அவற்றின் செவித்திறனும் பெரிது. கார்ல் வான் பிரிஷ் என்னும் அறிஞர் கண்ணில்லாத கெளுத்தியின மீன் ஒன்றைச் சீழ்க்கை ஒலிக்கு வருமாறு பழக்கினார். 1923-இல் அதனை வெளியிட்டார். தேனீக்களின் நடனத்தை விளக்கியதற்காகப் பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்றவர் இவரே.

வேபரும் ஓரிடத்தில் பிழைபட்டார். அச்சிறு எலும்புகளை மனிதச் செவியில் உள்ள சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று எலும்புகளுக்கு நிகரானவையாகக் கருதி அப்பெயர்களையே இட்டார். இரண்டும் ஒலியைக் கடத்துவன என்பது மெய்யே. ஆனால், முட்டையினுள் மீன் வளரும் நிலைகளைப் பின்வந்தோர் ஆராய்ந்தபோது, மீனின் சிறு எலும்புகள் முதுகெலும்பின் முதல் நான்கு கணுக்களிலிருந்தும் அவற்றின் விலாவெலும்புகளிலிருந்தும் உருவானவை என்பது புலனாயிற்று. மனிதச் செவியெலும்புகளோ தாடையையும் செவுளையும் சார்ந்த பகுதிகளிலிருந்து வந்தவை. தொழில் ஒன்றாயினும் தோற்றுவாய் வேறு. உறவு காண்பவன் தொழிலைப் பாரான்; தோற்றுவாயையே பார்ப்பான்.

ஆயினும், ஓர் ஐயம் எழலாம். கெண்டைக்கும் கெளுத்திக்கும் இடையே இத்தனை வேற்றுமைகள் இருக்க, இந்த ஒரு சங்கிலியை மட்டும் பெரிதாகக் கொள்வது ஏன்? விராலும் கெண்டையும் செதிலால் ஒத்திருக்கின்றனவே, அதனைத் தள்ளுவது ஏன்?

இதற்கு விடை நம் ஏட்டுச்சுவடிகளில் உள்ளது. பழந்தமிழ் நூல்களை அச்சிட முனைந்த உ. வே. சாமிநாதையர் போன்றோர், ஒரே நூலின் பல சுவடிகளை ஊர் ஊராகத் தேடித் தொகுத்து ஒப்பிட்டனர். பத்துச் சுவடிகளில் ஒரு சொல் திருத்தமாக ஒன்றுபோல் இருந்தால், அதனைக் கொண்டு அவற்றுள் எவை நெருங்கிய உறவின என்று கூறவியலாது. மூலத்தில் இருந்ததை எல்லாரும் ஒழுங்காகப் படியெடுத்தனர் என்பதே பொருள். ஆனால், இரண்டு சுவடிகளில் மட்டும் ஒரே இடத்தில் ஒரே வகையான புதுப்பிழை காணப்பட்டால் என்ன கருதுவோம்? அவ்விரண்டும் அப்பிழை நேர்ந்த ஒரே சுவடியைப் பார்த்து எழுதப்பட்டவை என்று கருதுவோம் அன்றோ? மீன்களுக்கும் இதுவே வழி. செதில் மிகப் பழைய உடைமை. எலும்புடைய மீன்களின் முன்னோர்க்கே அது இருந்தது. அதனை விராலும் கெண்டையும் காத்து வந்துள்ளன, கெளுத்தி இழந்துவிட்டது. எனவே, செதிலால் நெருங்கிய உறவு புலப்படாது. எலும்புச் சங்கிலியோ புதிதாய்த் தோன்றியது. பல உறுப்புகள் ஒருங்கே மாறி அமைந்த அத்துணைச் சிக்கலான பொறி, கெண்டையில் ஒருமுறையும் கெளுத்தியில் ஒருமுறையும் தனித்தனியே தோன்றியிருத்தல் அரிது. முன்னோர் ஒருவரிடம் தோன்றி இருவர்க்கும் வந்தது என்பதே ஏற்புடையது. புதிதாய்த் தோன்றிய பொதுவுடைமையே உறவுக்குச் சான்று என்னும் இவ்விதியை வில்லி ஹென்னிக் என்னும் செருமானிய அறிஞர் 1950-இல் வெளியிட்ட நூலில் தெளிவுபட வகுத்தார்.

எனவே, முதற்கூடையில் இருந்த கெண்டையை எடுத்து இரண்டாங்கூடையில் இட வேண்டும். மீசையுள்ளவற்றை மட்டும் கொண்டிருந்த கூடையின் குறை அதனால் நீங்குகிறது.

பனையேறிக் கெண்டையையும் உடன் எடுக்கலாமா? பெயரில் கெண்டை இருக்கிறது. 1791-இல் தரங்கம்பாடியில் டேனிய அலுவலராக இருந்த டால்டார்ஃப் என்பவர், இம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதினார். அச்செய்தி 1797-இல் இலண்டனில் அச்சாகி ஐரோப்பா முழுவதும் பரவியது. பறவை கவ்விச் சென்று மரத்தில் விட்டிருக்கலாம் என்று பின்வந்தோர் ஐயுற்றனர். மரம் ஏறியதோ இல்லையோ, ஈரத்தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊர்ந்து செல்லும் என்பதில் ஐயமில்லை. இதன் தலையினுள்ளே, செவுளுக்கு மேல் ஓர் அறை உண்டு. முதற்செவுள் வளைவின் மேலெலும்பு அவ்வறையினுள் மடிப்பு மடிப்பாக விரிந்து, தாழம்பூவின் இதழ்கள்போல் அடுக்காக நிற்கிறது. அதன்மேல் படர்ந்த தோலின்வழி மீன் காற்றைச் சுவாசிக்கிறது. விராலுக்கும் அதே இடத்தில் அறை உண்டு; அங்கும் முதற்செவுள் வளைவின் மேலெலும்பு பங்கு கொள்கிறது, ஆயினும் அமைப்பு எளியது. எலும்புச் சங்கிலி இரண்டிற்கும் இல்லை. ஆகவே, பெயரில் கெண்டையாயினும் பிறப்பில் இது விராலின் சுற்றமே.

இங்கு ஒரு கண்ணி உண்டு. மாணவர்கள் அதில் காலிடாதிருத்தல் வேண்டும். தேளியும் காற்றைச் சுவாசிப்பதே. ஏரி வற்றிச் சேறாகும்போது விராலும் பனையேறியும் தேளியும் ஒருசேரப் பிழைத்துக் கிடக்கக் காண்கிறோம். அதனால் மூன்றும் உறவு எனலாமா? தேளியைப் பிளந்து பார்த்தால் விராலுக்கு உள்ளதுபோன்ற அறை இராது. செவுளிலிருந்து இரண்டு நீண்ட பைகள் முதுகெலும்பின் இருமருங்கும் வால்வரை ஓடும். தேவை ஒன்று, அதனை நிறைவேற்றிய வழி வேறு. வற்றும் ஏரியின் துன்பம் இரு வேறு குலத்தாரையும் ஒரே தொழிலில் பழக்கிவிட்டது. இத்தேளி தரங்கம்பாடியிலிருந்தே உலகுக்கு அறிமுகமாயிற்று. அங்கிருந்த சமயத்தொண்டர் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்பார் பெர்லின் நகரத்து மருத்துவர் புளோக்கிற்கு மீன்களைப் பதப்படுத்தி அனுப்பிவந்தார். புளோக் 1794-இல் தேளிக்கு அறிவியற் பெயரிட்டார்.

மூன்றாவது கூடையின் பிழை இன்னும் பெரிது. விலாங்கு கடலில் பிறந்து ஆற்றுவழியே உள்நாட்டிற்கு வருவது. அதன் முதுகெலும்பில் நூற்றுக்கும் மேற்பட்ட கணுக்கள் உண்டு. மேல்தாடையின் முன்னெலும்பு மண்டையோட்டின் முன்பகுதி எலும்புகளோடு பிரிக்கவியலாதபடி ஒன்றிவிட்டது. ஆராலின் தாடையெலும்போ தனித்தே உள்ளது. அதன் முதுகில், பனையேறியின் முதுகில் உள்ளவை போன்ற கடினமான கூர்முட்கள் ஊசி ஊசியாய் நிற்கின்றன. கையில் பிடித்தவர் அதனை மறவார். விலாங்கிற்கு அத்தகைய முள் ஒன்றேனும் இல்லை. இரண்டிற்கும் பொதுவாக ஓர் எலும்பு ஒற்றுமையும் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. பெரும்பாலான மீன்களில் தோளெலும்பு மண்டையோட்டோடு இணைந்திருக்கும். விலாங்கிலும் ஆராலிலும் அவ்விணைப்பு அற்றுவிட்டது. சேற்றிலும் இடுக்கிலும் நுழைந்து வாழும் உடலுக்கு அது வசதி. ஒரே எலும்பை நம்பித் தீர்ப்புரைத்தால் என்ன நேரும் என்பதற்கு இது தக்க சான்று. டிராவர்ஸ் என்னும் ஆய்வாளர் ஆரால் இனங்களின் எலும்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, 1984-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். சேற்றில் வளைதோண்டி வாழும் துடுப்பற்ற மீன்களே ஆராலின் நெருங்கிய உறவினர் என்பது அவர் முடிவு. இந்நூற்றாண்டில் டி.என்.ஏ. ஆய்வும் அதனை உறுதிசெய்து, அக்குழுவை விரால், பனையேறி ஆகியவற்றின் அண்டையில் வைத்தது. எனவே, ஆராலை எடுத்து விராலின் கூடையில் இடுக. விலாங்கு மட்டும் தன் கூடையில் தனித்துக் கிடக்கும்.

பெயர் எப்போதும் பொய்க்கும் என்றும் கொள்ளற்க. கடலிலும் உப்பங்கழியிலும் வாழும் பால்கெண்டை என்றொரு மீன் உண்டு. அதற்கு எலும்புச் சங்கிலி இல்லாமையால் அறிஞர் நெடுங்காலம் அதனைக் கெண்டைக்கு அயலாகவே வைத்திருந்தனர். 1970-இல் ரோசன், கிரீன்வுட் என்னும் இருவர் அதன் முதுகெலும்பின் முதல் மூன்று கணுக்களையும் விலாவெலும்புகளையும் நுணுகி நோக்கினர். சங்கிலியாக முற்றுப்பெறாவிடினும், அதற்கு முந்திய நிலையை ஒத்த மாறுதல் அங்கே தொடங்கியிருப்பதைக் கண்டு, அதனைக் கெண்டை, கெளுத்தி ஆகியவற்றின் பெருங்குலத்தில் சேர்த்தனர். கடற்கரையார் உருவம் நோக்கி இட்ட பெயர் இங்கே எவ்வாறோ பலித்துவிட்டது!

இவ்வளவு உழைத்து மீனுக்கு உறவு காண்பதால் வரும் பயன் யாது என்று கேட்கலாம். நன்னீர் மீனால் கடலைக் கடக்க இயலாது. மலையைத் தாண்டவும் இயலாது. நீர் சென்ற வழியே அது செல்லும். ஆகவே, தொலைவில் உள்ள இரண்டு நாடுகளில் உறவுடைய மீன்கள் வாழ்ந்தால், அந்நாடுகளின் நீர்நிலைகளோ நிலமோ முன்னொரு காலத்தில் தொடர்புற்றிருக்க வேண்டும். இந்திய விலங்கியல் அளவைத் துறையின் இயக்குநராக விளங்கிய சுந்தர் லால் ஹோரா (1896–1955) மேற்குத்தொடர்ச்சி மலையின் மீன்கள் சில மலேயா நாட்டு மீன்களை ஒத்திருப்பதைக் கண்டார். விந்திய சாத்பூரா மலைத்தொடர் வழியே அவை வந்திருக்கலாம் என்ற கொள்கையை 1940-களில் கூறினார். அவற்றுள் எவ்வொற்றுமை பிறப்பால் வந்தது, எது பாயும் ஓடையில் வாழும் பழக்கத்தால் வந்தது என்பது பற்றிப் பின்னர்ப் பெரும் வாதம் எழுந்தது. உறவில் பிழைபட்டால் நாட்டின் பழைய வரலாறும் பிழைபடும் அன்றோ?

அண்மைக் காலத்தில் நிகழ்ந்த ஒன்றையும் கூறுதல் தகும். கேரள நாட்டின் செம்பாறைக்கு அடியில் நிலத்தடி நீர் உண்டு. அந்நீரில் வாழும் மீன்கள் கிணறு வழியாகவே மனிதர் கண்ணுக்குப் புலப்படும். கோட்டயத்துக் கிணற்றில் கிடைத்த கண்ணில்லாத கெளுத்தி ஒன்றிற்கு 1950-இல் ஹோராவின் பெயரையே சூட்டினர். 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தை ஒட்டி மலப்புறம் மாவட்டத்து வயல் ஒன்றில், ஒரு சாண் நீளமும் இல்லாத, விலாங்குபோல் நெளியும் செம்பழுப்பு மீன் அகப்பட்டது. உருவம் விலாங்கு, தலையோ விராலின் தலை. 2019-இல் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அதன் எலும்புக்கூட்டை ஆராய்ந்தனர். விராலுக்கு உரிய காற்றறை அதற்கு இல்லை. விராலின் காற்றுப்பை வாற்பகுதி வரை நீண்டு செல்லும்; இதற்கோ குறுகியது. எனினும், பிற எலும்புகளும் டி.என்.ஏ.யும் விராலே அதன் நெருங்கிய உறவு என்றன. அதனைத் தனிக்குடும்பமாக 2020-இல் வகுத்தனர். விரால் மரபிலிருந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அது பிரிந்திருத்தல் வேண்டும் என்பது அவர்களது மதிப்பீடு. இமயமலை எழுவதற்கு முன்னரே, இந்திய நிலம் தென்கடலில் தனித்து மிதந்த நாளிலேயே இருந்த குடி அது! அத்தகைய பழங்குடி, நாம் நீர் இறைக்கும் கிணற்றின் அடியில் எவரும் அறியாமல் வாழ்ந்து வந்திருக்கிறது. கிணறு வறண்டாலும் மாசுபட்டாலும் அழிவது ஒரு சிறுமீன் அன்று, அக்குடி முழுவதுமே.

இக்காலத்தில் எலும்பைக் காண மீனை அறுக்கவேண்டும் என்பதில்லை. செரிமான நீரில் உள்ள டிரிப்சின் என்னும் பொருளில் சிறுமீனை ஊறவைத்தால் சதை கண்ணாடிபோல் தெளியும். அலிசரின் என்னும் சாயம் எலும்பை மட்டும் சிவப்பாக்கும். கிளிசரினில் இட்டு ஒளியில் பிடித்தால் எலும்புக்கூடு முழுவதும் செம்பவளம்போல் தோன்றும். அரிய மீனாயின் சி.டி. படம் எடுத்தே கண்டுகொள்வர்.

நமக்கு அடுப்பங்கரையே போதும். ஏரியில் பிடிக்கும் சிறு கெண்டையில் எலும்புகள் நொய்யரிசி அளவே இருக்கும். ஆகையால் சந்தையில் விற்கும் ரோகு அல்லது கட்லாவின் தலையைச் சற்று முதுகோடு சேர்த்து வாங்குக. மெல்லிய தீயில் வேகவைத்து ஆறியபின், பெரியோர் ஒருவரை உடன்வைத்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் சதையை நீக்குக. தொண்டையில் இரு வளைவுகளும் அவற்றின்மேல் பற்களும் முதலில் கிடைக்கும். பின்னர் மண்டையோட்டின் பின்புறம், முதுகெலும்பின் முதற்கணுக்களின் பக்கவாட்டில் பொறுமையோடு தேடுக. வளைந்த சிறிய கொழு முனைபோன்ற எலும்பு ஒன்று இருபுறமும் தட்டுப்படும். அதுவே காற்றுப்பையைத் தொட்டிருந்தது. அடுத்த நாள் கெளுத்தியின் தலையை அவ்வாறே ஆய்ந்து, அதே இடத்தில் அதே எலும்பு இருக்கிறதா என்று பார்க்க. கெளுத்தியில் அக்கணுக்கள் ஒன்றாய் இறுகியிருக்கும். ஆதலால் தேடுவதற்குச் சற்று நேரம் கூடுதலாகும்.